கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், அதற்கு முன் கேட்க வேண்டியவை

மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று கேரளத்தின் தமிழ் பேசும் எல்லை ஊர்களில், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் அளவுக்கு மீறிப் போகத் தொடங்கினால் அவள் காதில் விழும் யோசனை அநேகமாக ஒன்றுதான். "கர்ப்பப்பைய எடுத்துடு, தொல்லை விட்டது." அக்கம்பக்கத்து அக்காவும் அதைத்தான் சொல்கிறார். நாத்தனாரும் அதையே சொல்கிறார். சில நேரம் டாக்டரும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார். மாத்திரைக்கும் கர்ப்பப்பை அகற்றலுக்கும் நடுவே மூன்று நான்கு படிகள் இருக்கின்றன. அதில் ஒன்று எண்டோமெட்ரியல் அப்லேஷன். கர்ப்பப்பையை அப்படியே விட்டுவிட்டு, மாதாமாதம் இரத்தம் கசியும் அதன் உள்படலத்தை மட்டும் கரித்தோ செதுக்கியோ எடுக்கும் சிகிச்சை அது. அது யாருக்குப் பொருந்தும், அதைச் செய்யும் மகப்பேறு மருத்துவரை மலையோரத்திலிருந்து எப்படித் தேடுவது என்பதைப் பார்ப்போம்.

அதிகப் போக்கு என்று எப்போது சொல்வது? ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய பாடநூல் கணக்கு. வீட்டில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. பேட் அல்லது துணியை ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா என்பவைதான் டாக்டர் கேட்கும் கேள்விகள். தேயிலைக் காட்டில் கொழுந்து பறிப்பவருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பறிக்கும் இடத்தில் கழிப்பறை கிடையாது. அந்த நாட்களில் காலையில் கட்டியதோடு மதியம் வரை நிற்க முடியாமல் வேலைக்கே போகாமல் இருக்கிறார் என்றால், சிகிச்சை கேட்க அது ஒன்றே போதும். உங்கள் அன்றாடத்தைக் குலைக்கும் போக்கு எதுவும் அதிகப் போக்குதான் என்பதே இன்றைய மருத்துவ வரையறை.

முதலில் தேட வேண்டியது அப்லேஷன் செய்யும் டாக்டரை அல்ல, இந்தப் போக்குக்குக் காரணத்தை. உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2011-ல் இதற்கான காரணங்களை 9 வகையாகப் பிரித்தது. சிறு சதை வளர்ச்சி, கர்ப்பப்பைச் சுவர் தடித்துப்போவது, ஃபைப்ராய்டு கட்டி, புற்றுநோயும் அதன் முந்தைய நிலையும் என முதல் நான்கும் ஸ்கேனிலோ சதைப் பரிசோதனையிலோ தெரிந்துவிடும். இரத்தம் உறையாத கோளாறு, முட்டை ஒழுங்காக வெளிவராதது, உள்படலத்தின் சொந்தக் கோளாறு, வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்துகள், வகைப்படாதவை என மீதி ஐந்தும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. தைராய்டு குறைந்தாலும் போக்கு கூடும். ஆகவே ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன் மூன்றையும் பக்கத்து ஊரிலேயே முடித்துவிடலாம். பாலக்காட்டுக் கிழக்கில் சித்தூர் தாலுக்கா மருத்துவமனை, மூணாறு பக்கம் அடிமாலி தாலுக்கா மருத்துவமனை, அட்டப்பாடியில் கோட்டத்தறை பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை போன்றவை அதற்கான இடங்கள். தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தரும் கடமையைத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் மேல் வைத்திருக்கிறது. எனவே எஸ்டேட் ஆஸ்பத்திரியிலும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதமும் கேட்கலாம். அட்டப்பாடியில் அரிவாள் செல் நோய் இருக்கிற குடும்பங்கள் உண்டு. அங்கே சோகை என்றதுமே எல்லாப் பழியையும் மாதவிடாயின் மேல் போடாமல் அந்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்வது நல்லது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் சோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36 சதவீதம், தமிழ்நாட்டில் 53 சதவீதம். கேரளத்தின் சராசரியைப் பார்த்துத் தேயிலைத் தோட்டமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட முடியாது. எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் இரத்த அளவை முதலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரும்புச்சத்தை ட்ரிப்ஸில் ஏற்றலாம்.

அப்லேஷனில் உண்மையில் நடப்பது என்ன? மாதவிடாயில் உள்படலத்தின் மேல்பகுதி மட்டும் கழன்று போகிறது. அடிப்பகுதி அப்படியே இருப்பதால் அடுத்த மாதம் திரும்ப வளர்கிறது. கவாத்து வெட்டிய தேயிலைச் செடி மறுபடி துளிர்ப்பது போலத்தான் இதுவும். அப்லேஷன் அந்த அடிப்பகுதியையே குறிவைக்கிறது. வயிற்றில் கத்தி படாது. பிறப்புறுப்பு வழியாகவே எல்லாம் நடக்கும்.

இதில் இரண்டு தலைமுறை முறைகள் உண்டு. 1981-ல் அமெரிக்காவில் கோல்ட்ராத் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் லேசரால் உள்படலத்தை எரித்ததைப் பதிவு செய்தார்கள். அதன்பின் மின்சாரம் பாயும் வளையக் கம்பியாலும் உருளும் சிறு குண்டாலும் அதையே செய்யத் தொடங்கினார்கள். இந்த முதல் தலைமுறை முறையில் ஹிஸ்டரோஸ்கோப் என்ற மெல்லிய தொலைநோக்கியைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே திரவம் பாய்ந்து கர்ப்பப்பையை விரித்து வைக்கும். திரையில் பார்த்தபடி டாக்டர் படலத்தைச் சுருள் சுருளாகச் செதுக்கி எடுப்பார். பக்கத்தில் நிற்கும் சிஸ்டரின் வேலை வேறு: உள்ளே எவ்வளவு திரவம் போயிற்று, எவ்வளவு திரும்பி வந்தது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். கிளைசின் திரவம் என்றால் உடம்புக்குள் தங்கியது ஒரு லிட்டரை எட்டியதும், சலைன் என்றால் இரண்டரை லிட்டரை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். உடம்பு இழுத்துக்கொள்ளும் தண்ணீர் எல்லை தாண்டினால் நுரையீரலுக்கும் மூளைக்கும் ஆபத்து. இந்தக் கணக்கை ஒழுங்காக வைக்கிற ஆஸ்பத்திரியில்தான் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாம் தலைமுறையில் கருவியே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். கர்ப்பப்பைக்குள் ஒரு பலூனை வைத்து, அதில் சூடான திரவத்தை நிரப்பி, கருவியைப் பொறுத்து இரண்டு மூன்று நிமிடமோ எட்டு நிமிடமோ வைத்திருந்து எடுப்பது ஒன்று. முக்கோண வடிவில் விரியும் வலையை உள்ளே வைத்து ரேடியோ அலை மின்சாரத்தால் சுமார் ஒன்றரை நிமிடத்தில் கரிப்பது இன்னொன்று. அமெரிக்காவில் 2001-ல் அனுமதி பெற்ற நோவாஷ்யூர் இந்த வகைதான். இவற்றுக்கு நேரம் குறைவு, மயக்க மருந்தும் குறைவு. ஆனால் வலையும் பலூனும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிய வேண்டியவை. செலவு அங்கேதான் ஏறுகிறது. சிறிய ஊர்களின் ஆஸ்பத்திரிகள் இவற்றை வாங்கி வைக்காததற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பலன் எப்படி? பெரும்பாலான பெண்களுக்குப் போக்கு நன்றாகக் குறைகிறது. சிலருக்கு மாதவிடாயே நின்றுவிடுகிறது. "நின்றே தீரும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். ஐந்து ஆண்டுக்குள் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மறுபடி ஏதோ ஒரு அறுவை சிகிச்சை, பெரும்பாலும் கர்ப்பப்பை அகற்றலே, தேவைப்படலாம். முப்பதுகளில் செய்துகொள்பவர்களுக்கு இப்படி மறுபடி தேவைப்படுவது அதிகம். மாதவிடாய் நிற்க இன்னும் பல ஆண்டு இருப்பதே காரணம். நாற்பத்தைந்தை ஒட்டியவர்களுக்குப் பலன் நிலைக்கிறது.

யாருக்குக் கூடாது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்குக் கூடவே கூடாது. சிகிச்சைக்குப் பின் கரு தங்கினால் தாய்க்கும் சிசுவுக்கும் பெரிய ஆபத்து. அதே சமயம் அப்லேஷன் கருத்தடையும் ஆகாது. மாதவிடாய் நின்றுவிட்டது என்பதால் கரு தங்காது என்று எண்ணக்கூடாது. புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலையோ சந்தேகம் இருந்தால் கூடாது. அதனால் அப்லேஷனுக்கு முன் உள்படலத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சதைப் பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே தேதி குறிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மாதவிடாய் ஏற்கெனவே நின்று, பிறகு மறுபடி இரத்தம் படுபவர்களுக்கும் இது சிகிச்சை அல்ல. அது உடனே சோதிக்க வேண்டிய வேறு விஷயம். பெரிய ஃபைப்ராய்டு இருந்தாலும், கர்ப்பப்பைச் சுவரை ஆழமாக வெட்டிய பழைய அறுவை இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தாது. சிசேரியன் ஆனவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். தழும்பு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்த பிறகே டாக்டர் முடிவெடுப்பார்.

நம் பெண்களிடம் அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களின் பங்கு தமிழ்நாட்டில் பாதிக்கு மேல், கேரளத்தில் பாதியை ஒட்டி. அந்த ஆபரேஷன் ஆனவருக்கு அப்லேஷனும் செய்தால், சிலருக்கு மட்டும் மாதாமாதம் அடிவயிற்றின் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ கடும் வலி வரும். கர்ப்பப்பையின் மூலையில் மிஞ்சிய படலம் கசிய, வெளியேற வழியில்லாமல் இரத்தம் குழாயில் தேங்குவதால் வருவது அது. 1993-லேயே மருத்துவ இதழில் பதிவானது. "எனக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு, இந்த வலி வருமா?" என்று கேளுங்கள். வரலாம் என்று ஒப்புக்கொண்டு விளக்கும் டாக்டர் நல்ல டாக்டர்.

கர்ப்பப்பை அகற்றலுக்கு முன் இருக்கும் மற்ற படிகளையும் டாக்டர் உங்கள் முன் வைக்க வேண்டும். போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை மலிவானது. முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்களுக்கு ஆகாது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஆர்மிலாக்சிஃபென் மாத்திரையை இந்திய டாக்டர்கள் இதற்கும் எழுதுகிறார்கள். ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம் இன்னொன்று. தினமும் சிறிதளவு மருந்தை உள்ளேயே விட்டுக்கொண்டு படலத்தை மெலிய வைக்கிறது. பல நாடுகளின் வழிகாட்டிகள் முதலில் யோசிக்கச் சொல்வதே இதைத்தான். இந்த வகைச் சாதனமான மிரெனா எனக்குக் கட்டுப்படியாகாது என்பவர்கள், அதே வகையில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெச்எல்எல் நிறுவனத்தின் எமிலி கிடைக்குமா என்று கேட்கலாம். இதைச் சொன்னதும் பெரும்பாலான பெண்கள், "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே, காப்பர்-டி எதுக்கு?" என்று மறுத்துவிடுகிறார்கள். இது காப்பர்-டி அல்ல. காப்பர்-டி போக்கைக் கூட்டும், இது குறைக்கும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். அதைப் பொறுத்துக்கொண்டால் பலருக்கு அப்லேஷனே தேவைப்படாது. சரிவரவில்லை என்றால் எடுத்துவிடவும் முடியும். எரித்த படலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கர்ப்பப்பை அகற்றலே தவறு என்று சொல்லவில்லை. பெரிய கட்டிகள், புற்றுநோய், வேறு எதுவும் பலிக்காத நிலை என்றால் அதுதான் சரியான மருந்து. ஆனால் கேட்காமல், சோதிக்காமல் எடுத்த வரலாறு இந்த நாட்டில் இருக்கிறது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களை 2019-ல் அரசுக் குழு ஆராய்ந்தபோது, சுமார் 82,000 பேரில் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்கு நடந்த தேவையற்ற அறுவைகள் குறித்து டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டியை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் செயல்படுத்த உத்தரவிட்டது. உடல் உழைப்பை நம்பிக் கூலி வாங்கும் பெண்கள்தான் அங்கேயும் சிக்கினார்கள். நம் மலையோரத்துப் பெண்ணும் அதே நிலையில் இருப்பவர்தான். கர்ப்பப்பை மட்டும் போனாலும், சினைப்பை இருந்தாலும், சிலருக்கு மாதவிடாய் நிற்கும் பருவ மாற்றங்கள் முன்கூட்டியே வருகின்றன. அது எலும்பையும் இதயத்தையும் தொடுகிறது.

இனி தேடல். "அப்லேஷன் செய்யப்படும்" என்று எந்த ஆஸ்பத்திரியும் பெயர்ப்பலகை வைப்பதில்லை. பலகையில் லேப்பராஸ்கோபி என்றோ, மலையாளத்தில் "தாக்கோல் துவாரம்" என்றோ எழுதியிருக்கும். அது வயிற்றில் துளையிட்டுச் செய்வது. அதில் கைதேர்ந்தவர் அப்லேஷன் செய்தே தீருவார் என்று இல்லை. நீங்கள் தேட வேண்டியது ஹிஸ்டரோஸ்கோபி செய்பவரை. இதில் பலருக்குத் தோன்றாத ஒரு வாசல் குழந்தையின்மைச் சிகிச்சை மையம். பொள்ளாச்சி, பாலக்காடு, தேனி அளவுள்ள ஊர்களில் ஹிஸ்டரோஸ்கோப் அநேகமாக அங்கேதான் தினப்படி வேலை செய்கிறது. 45 வயதில் அந்த வாசலில் நுழையக் கூச்சப்பட வேண்டியதில்லை. அங்கே உள்ள டாக்டர் தானே செய்வார், அல்லது செய்பவரை அறிந்திருப்பார்.

எந்தப் பக்கம் இறங்குவது என்பது ஊரைப் பொறுத்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்தினருக்குப் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் கைக்கெட்டும் தூரம். கோவை அரசு மருத்துவக் கல்லூரியும் பெரிய தனியார் மருத்துவமனைகளும் அங்கே உண்டு. பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரியும் திருச்சூர் மருத்துவக் கல்லூரியும் மேற்குத் திசை. மறையூர், காந்தளூர்க்காரர்கள் சின்னார் வழியாக உடுமலைக்கு இறங்கிக் கோவை போகலாம். மூணாறு, சாந்தன்பாறை, பூப்பாறை என்றால் போடிமெட்டு இறங்கித் தேனி அரசு மருத்துவக் கல்லூரி, அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. இடுக்கியில் ரயிலே இல்லை. ஆனால் போடியிலிருந்து மதுரைக்கு 2023 ஜூன் முதல் மறுபடி ரயில் ஓடுகிறது. குமுளி, வண்டிப்பெரியாறு பெண்களுக்கு ஒரு பக்கம் கம்பம், தேனி. மறுபக்கம் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. எர்ணாகுளத்தில் தனியார் பெரிய ஆஸ்பத்திரிகள் அதிகம். இவற்றில் எதிலும் எல்லா நாளும் இந்தச் சிகிச்சை கிடைக்கும் என்று எண்ணி பஸ் ஏறிவிட வேண்டாம். டாக்டர் மாறுவார், கருவி பழுதாகும். போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

போனில் வரவேற்பில் இருப்பவரிடம் "அப்லேஷன் உண்டா" என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. "கைனிக் ஓ.பி. சிஸ்டர்கிட்ட கொடுங்க" என்று சொல்லி, "சிஸ்டர், ஹிஸ்டரோஸ்கோபி ஆபரேஷன் உங்க ஆஸ்பத்திரியில பண்றாங்களா? எந்த டாக்டர், எந்தக் கிழமை ஓ.பி.?" என்று கேளுங்கள். உண்டு என்றால் அதன்பின், போக்கு அதிகமானவர்களுக்கு உள்படலத்தைக் கரிக்கும் அப்லேஷன் செய்கிறார்களா, பலூனா வலையா கம்பியா, கடைசியாக எப்போது செய்தார்கள் என்று கேட்கலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு செய்பவரை விட அடிக்கடி செய்பவரிடம் போவதே மேல். கேரளத்து ஆஸ்பத்திரியில் "எத்ர திவசம் ப்ளீடிங் உண்டு? கட்ட போகுன்னுண்டோ?" என்று சிஸ்டர் கேட்டால், எத்தனை நாள், கட்டியாகப் போகிறதா என்கிறார். அதற்கான பதிலை இரண்டு மூன்று மாதத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது பாதி வேலையை முடிக்கும். கேரள அரசின் திஷா உதவி எண் 1056-லும், தமிழ்நாட்டின் 104-லும் எந்த அரசு மருத்துவமனையில் என்ன பிரிவு இருக்கிறது என்று விசாரிக்கலாம்.

காப்பீட்டு அட்டை விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. கேரளத்தின் காருண்யா ஆரோக்கியச் சுரக்ஷா திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீடு தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைதாரருக்கானது. கேரள ரேஷன் அட்டையோடு தேனியிலோ கோவையிலோ சேர்பவர்கள், மத்திய அரசின் ஆயுஷ்மான் பட்டியலில் தங்கள் குடும்பம் இருக்கிறதா, வெளிமாநில அட்டையை அந்த ஆஸ்பத்திரி ஏற்குமா என்று சேர்வதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டும். "இந்தச் சிகிச்சையின் பெயரில் பேக்கேஜ் இருக்கிறதா?" என்பதும் அங்கேயே கேட்க வேண்டியது. கர்ப்பப்பை அகற்றலுக்கு அட்டை செல்லும், அப்லேஷனுக்குச் செல்லாது என்ற பதில் வந்தால், அதற்காக உறுப்பை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் கம்பி முறையில் செய்ய முடியுமா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

செய்த அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். மலையேறும் பஸ்ஸில் அன்றே வளைவுகளில் ஆடிக்கொண்டு போகாமல் ஒரு ராத்திரி அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. முதல் நாள் மாதவிடாய் போல வயிற்றுப் பிடிப்பு இருக்கும். இரண்டு மூன்று வாரம், சிலருக்கு ஒரு மாதம் வரை, தண்ணீராக, இளஞ்சிவப்பாகக் கசியும். அது நிற்கும் வரை தாம்பத்திய உறவு வேண்டாம். பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கொழுந்து மூட்டை சுமப்பதை மட்டும் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். கர்ப்பப்பையை வயிறு திறந்து எடுத்திருந்தால் சுமார் ஆறு வாரம் ஓய்வு தேவை. தினக்கூலிக்காரருக்கு அந்த வித்தியாசம் சின்னதல்ல. காய்ச்சல், துர்நாற்றம், ஒரு நாளைத் தாண்டியும் கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வாந்தி, பெரும்போக்கு எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

டிஸ்சார்ஜ் தாளையும் சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் ரேஷன் அட்டையோடு வையுங்கள். பின்னாளில் வேறு எந்த டாக்டரிடம் போனாலும் "எனக்கு அப்லேஷன் ஆகியிருக்கு" என்று சொல்ல வேண்டும். கர்ப்பப்பை உள்ளே இருப்பதால், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் சோதிக்க வேண்டும். உள்ளே தழும்பு இருப்பதால் அந்தச் சோதனையைச் செய்பவருக்கு முந்தைய தாள் தேவைப்படும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையையும் அப்லேஷன் ஆன காரணத்தால் நிறுத்தக் கூடாது.